பாலத்துக்குப் போன டெனர் சாக்ஸ்: சன்னி ராலின்ஸ் ஏன் நிறுத்தினார்?

இன்னைக்கு எபிசோட், உச்சத்துல இருந்தப்போ வாசிக்கிறதை நிறுத்திட்டுப் போன ஒரு ஜாஸ் கலைஞரைப் பத்தி. பேரு சன்னி ராலின்ஸ். வாத்தியம், டெனர் சாக்ஸபோன்.

1959 கோடைக்காலம். ராலின்ஸுக்கு 28 வயது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் மட்டும் தன் பெயரில் பத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களுக்கு ரெக்கார்டிங் செய்திருந்தார். டெனர் சாக்ஸில் இன்றைக்கு யார் பெரிய ஆள் என்று கேட்டால், பலரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். அந்த நேரத்தில் மேடை, ஸ்டூடியோ இரண்டையும் விட்டு விலகினார். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை. இரண்டு வருடத்துக்கும் மேலே. அந்தக் காலம் முழுக்க அவர் வாசித்த இடம் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலம். கேட்டது யாருன்னா, பாலத்தில் ஓடும் ரயில், கீழே போகும் படகு, நடந்து போகிற நாலு பேர்.

ஜாஸ் ரசிகர்கள் இதை ஒரு புராணம் மாதிரி சொல்வாங்க. ஞானி காட்டுக்குப் போனார், ஞானம் பெற்றுத் திரும்பினார்ங்கிற மாதிரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெக்கார்டுகளை வரிசையாப் போட்டுக் கேட்டா கதை அவ்வளவு சுலபமா இல்லை. அவர் எதுக்காகப் போனார், திரும்பி வந்தப்போ கையில என்ன இருந்தது? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஹார்லெம்

வால்டர் தியோடர் ராலின்ஸ் 1930 செப்டம்பர் 7-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருக்கும் பூர்வீகம் கரீபியன் கடலில் இருக்கும் வர்ஜின் தீவுகள். அதனால் ஹார்லெமில் வளர்ந்தாலும் வீட்டுக்குள் கலிப்ஸோ மெட்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தன. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் காலத்து ஹார்லெமை நினைச்சுப் பாருங்க. உங்க தெருவுக்குப் பக்கத்துலயே உங்க ஆதர்ச கலைஞர் குடியிருக்கார். ராலின்ஸுக்கு அப்படிப்பட்டவர் கோல்மன் ஹாக்கின்ஸ். டெனர் சாக்ஸபோனை ஜாஸில் ஒரு முதன்மை வாத்தியமாக நிலைநிறுத்தியவர். அவரிடம் ஆட்டோகிராஃப் வாங்கக் காத்துக்கிடந்த பையன் ராலின்ஸ். முதலில் ஆல்டோ சாக்ஸ் வாசித்தவர், 16 வயதுவாக்கில் டெனருக்கு மாறினார். டெனர், ஆல்டோவை விடப் பெரியது, குரல் கனமானது. கூட வாசித்த அக்கம்பக்கத்துப் பையன்கள் ஜாக்கி மக்லீன், கென்னி ட்ரூ, ஆர்ட் டெய்லர். மூணு பேருமே பின்னாளில் ஜாஸில் பெரிய பேர் வாங்கினவங்க. பள்ளிக்கூடம் விட்டதும் தெலோனியஸ் மாங்க்கின் ஒத்திகைக்குப் போய் உட்காரும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. 1949-இல், 20 வயது ஆகும் முன்பே, பட் பவல் போன்ற மேதைகளோடு ரெக்கார்டிங் செய்துவிட்டார்.

முதல் தடவை நிறுத்தினது

பாலத்துக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் தாண்டிப் போற பகுதி இது. ஆனா இது இல்லாம பாலம் புரியாது.

1940-களின் கடைசியில் இளம் ஜாஸ் கலைஞர்களுக்கு சார்லி பார்க்கர்தான் கடவுள். பார்க்கர் ஹெராயின் எடுத்துக்கொண்டார். அதனால் அவரை வணங்கியவர்களில் பலரும் எடுத்துக்கொண்டார்கள். ராலின்ஸும் அதில் விழுந்தார். 1950-இல் ஆயுதக் கொள்ளை வழக்கில் கைதாகி, ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் சுமார் பத்து மாதம் இருந்தார். வெளியே வந்தவர், போதைப்பொருள் காரணமாக நன்னடத்தை விதியை மீறி, மறுபடியும் உள்ளே போனார்.

1953 ஜனவரியில் மைல்ஸ் டேவிஸின் ரெக்கார்டிங் ஒன்று. ராலின்ஸ், பார்க்கர் இருவருமே அதில் டெனர் வாசித்தார்கள். தான் போதையை விட்டுவிட்டதாக ராலின்ஸ் பார்க்கரிடம் சொன்னார். அது பொய் என்பது அங்கேயே பார்க்கருக்குத் தெரிந்துவிட்டது. தன்னைப் பார்த்து ஒரு பையன் இப்படி ஆகிவிட்டானே என்கிற வேதனை பார்க்கரின் முகத்தில் தெரிந்ததை ராலின்ஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதுக்கு நடுவுலயும் திறமை குறையலை, அதையும் சொல்லணும். 1954 ஜூன் 29-ஆம் தேதி, மைல்ஸ் டேவிஸுடன் ஒரே நாளில் தன்னுடைய மூன்று பாடல்களை வாசித்தார்: 'ஏரெஜின்', 'ஓலியோ', 'டாக்ஸி'. நைஜீரியா என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஏரெஜின் வரும். இன்றைக்கும் உலகத்தின் எந்த ஊர் ஜாஸ் கிளப்பிலும் இந்த மூணுல ஒண்ணை நீங்க கேட்கலாம்.

1955-இல் அவரே கென்டக்கி மாநிலம் லெக்ஸிங்டனில் இருந்த அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். போதை நோயாளிகளுக்கான இடம் அது. குணமாகிப் போய் பார்க்கரைப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை பொய் இல்லை என்று காட்ட வேண்டும் என்பது ஆசை. நடக்கவில்லை. அவர் உள்ளே இருக்கும்போதே, 1955 மார்ச் 12-ஆம் தேதி, சார்லி பார்க்கர் இறந்துபோனார். வயது 34.

வெளியே வந்த ராலின்ஸ் உடனே நியூயார்க் மேடைக்கு ஓடவில்லை. சிகாகோவில் தங்கினார். துப்புரவு வேலை மாதிரி கிடைத்த கூலி வேலைகளைப் பார்த்தார். கிளப்புக்குப் போனால் பழைய நண்பர்கள் இருப்பார்கள், போதையும் இருக்கும். அந்த இடத்துக்குள் நுழைந்து, வேண்டாம் என்று சொல்லி வெளியே வர முடிகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

ஆக, ஜாஸ் உலகத்தை விட்டு விலகினா செத்துப்போயிட மாட்டோம், விலகித் திரும்பவும் வரலாம்ங்கிறதை அவர் 25 வயசுல கத்துக்கிட்டார். பாலத்துக்குப் போற தைரியம் இங்கதான் ஆரம்பிக்குது.

1956: நாலு நாள் இடைவெளி

1955 இறுதியில் கிளிஃபர்ட் பிரவுனும் மேக்ஸ் ரோச்சும் நடத்திய குழுவில் ராலின்ஸ் சேர்ந்தார். பிரவுன் ட்ரம்பெட் வாசிப்பவர், ராலின்ஸை விடக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் சின்னவர். போதைப் பழக்கம் இல்லாதவர். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே மகத்தான இசையும் வாசிக்கலாம் என்பதற்கு ராலின்ஸின் கண் முன்னால் இருந்த உதாரணம் அவர்தான்.

1956 மே மாதம் 'டெனர் மேட்னஸ்' ரெக்கார்டிங். இதன் தலைப்புப் பாடலில் ராலின்ஸும் ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வாசித்ததாகத் தெரிந்திருக்கும் ஒரே ரெக்கார்டிங் அதுதான்.

அடுத்த மாதம், ஜூன் 22. நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் ஊரில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பொறியாளரின் ஸ்டூடியோ. ஸ்டூடியோன்னா பெருசா நினைக்காதீங்க, அவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறைதான். அங்கே பியானோவில் டாமி ஃப்ளானகன், பாஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச் ஆகியோருடன் ராலின்ஸ் ஐந்து பாடல்களை வாசித்தார். அதுதான் 'சாக்ஸபோன் கொலாஸஸ்'. முதல் பாடல் 'செயின்ட் தாமஸ்', சின்ன வயதில் வீட்டில் கேட்ட அந்தக் கலிப்ஸோ மெட்டு. கடைசிப் பாடல் 'ப்ளூ 7', பதினோரு நிமிட ப்ளூஸ்.

நாலு நாள் கழித்து, ஜூன் 26. கிளிஃபர்ட் பிரவுனும், குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும், ரிச்சியின் மனைவி நான்ஸியும் காரில் சிகாகோவுக்குப் போகும் வழியில் பென்சில்வேனியாவில் விபத்தில் இறந்தார்கள். பிரவுனுக்கு வயது 25. ராலின்ஸும் ரோச்சும் சிகாகோவில் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அதாவது, ராலின்ஸின் மிகச் சிறந்த ஆல்பம்னு பலர் சொல்ற ரெக்கார்டும், அவருடைய பெரிய இழப்பும் ஒரே வாரத்துல வருது. பார்க்கர் போயாச்சு. பிரவுனும் போயாச்சு.

பியானோவைத் தூக்கிட்டா?

அடுத்த இரண்டு வருடங்களில் அவர் செய்த ஒரு காரியம் ஜாஸையே கொஞ்சம் மாற்றியது. பியானோவை நீக்கினார். இது ஏன் பெரிய விஷயம்? ஜாஸில் பியானோ கலைஞர் கார்டுகளை வாசித்து, பாட்டில் நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வருவார். அவர் இல்லையென்றால் பாஸ், டிரம்ஸ், சாக்ஸ் மட்டும்தான். சாக்ஸ் வாசிப்பவர் மெட்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும், கார்டையும் காட்ட வேண்டும், தாளத்தோடும் பேச வேண்டும். தப்பு செய்தால் மறைந்துகொள்ள இடமே இல்லை.

1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸில் 'வே அவுட் வெஸ்ட்'. மற்ற இருவருக்கும் வேறு வேலைகள் இருந்ததால் ரெக்கார்டிங் தொடங்கியதே விடிகாலை மூன்று மணிக்கு. கௌபாய் படப் பாடல்களை எடுத்து வாசித்தார். அட்டையில் பாலைவனத்தில் தொப்பி போட்டு, இடுப்பில் துப்பாக்கி உறையோடு, கையில் சாக்ஸோடு நிற்கிற படம் இன்றைக்கும் பிரபலம். அதே வருடம் நவம்பர் 3-ஆம் தேதி வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் நேரடி ரெக்கார்டிங். மாலைக் கச்சேரியில் டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். அந்த கிளப்பில் எடுத்த முதல் ஆல்பம் இது. பின்னாளில் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் எல்லாம் அங்கே ரெக்கார்ட் செய்ய வந்தார்கள்.

1958-இல் 'ஃப்ரீடம் ஸ்வீட்'. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே இசைப்படைப்பு. உறையில் ராலின்ஸ் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். அமெரிக்கப் பண்பாட்டின் வேர்களில் கறுப்பின மக்களின் பேச்சும் நகைச்சுவையும் இசையும் ஊறியிருக்கின்றன, அவர்களையே அந்த நாடு ஒடுக்குகிறதே என்பது அதன் சாரம். சிவில் உரிமைப் போராட்டத்தை ஜாஸ் ஆல்பங்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்காத காலம் அது. பின்னாளில் அதே ரெக்கார்டிங் வேறொரு பாடலின் பெயரில், சாதுவான தலைப்போடு மறுவெளியீடு ஆனது. அந்தக் குறிப்பு எவ்வளவு பேரை நெளிய வெச்சிருக்கும்னு இதுலயே தெரியும்.

அதே 1958-இல் கந்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். 'ப்ளூ 7'-ஐ அலசி, ராலின்ஸ் மனம்போன போக்கில் சுரங்களைக் கொட்டவில்லை, தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன மெட்டைத் திருப்பித் திருப்பி எடுத்து, அதிலிருந்தே முழுக் கட்டடத்தையும் எழுப்புகிறார் என்று காட்டினார். நம்ம ஊர்ல மனோதர்மம்னு சொல்றோமே, அதுல ஒரு வரியை எடுத்து வெச்சுக்கிட்டு நிரவல் பண்றதைக் கேட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஜாஸ் விமர்சனத்தில் அது ஒரு மைல்கல் கட்டுரை. ஆனால் அது ராலின்ஸைக் கூச்சப்படுத்தியது. தான் யோசிக்காமல் வாசித்ததற்கு இவ்வளவு காரணமா? இனி வாசிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருமே? தன்னைப் பற்றி எழுதுவதைப் படிப்பதில் அவருக்கு ஒரு விலகல் வந்தது.

பாலம்

1959-ஐ ஜாஸ் ரசிகர்கள் பொன்னான வருஷம்னு சொல்வாங்க. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளிவந்தது. கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ரெக்கார்ட் செய்தார். நவம்பரில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்புக்கு வந்து, ஜாஸுக்கு இனி விதிகளே தேவையா என்ற சண்டையைக் கிளப்பினார். அதே வருடம் மார்ச்சில் லெஸ்டர் யங்கும் ஜூலையில் பில்லி ஹாலிடேவும் இறந்துபோனார்கள். யங்குக்கு 49 வயது, ஹாலிடேவுக்கு 44.

எல்லாமே தலைகீழா மாறிக்கிட்டிருந்த அந்த வருஷத்துலதான் ராலின்ஸ் மேடையை விட்டு இறங்கினார். காரணம் என்னன்னு அவர் சொன்னது ரொம்ப எளிமையானது. தனக்கு வரும் புகழுக்கு ஈடாகத் தன் வாசிப்பு இல்லை. மக்கள் காசு கொடுத்து வருகிறார்கள், தான் அவர்களை ஏமாற்றுவதாகத் தோன்றுகிறது. அதனால் உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டும்.

பயிற்சி எங்கே செய்வது? மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், கிராண்ட் தெருவில் ஒரு சின்ன அபார்ட்மென்ட். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண். டெனர் சாக்ஸ் என்ன சத்தம் போடும்னு தெரியும்ல? அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு தர ராலின்ஸுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் டிலான்ஸி தெருவில் நடந்துபோகும்போது பாலத்துக்கு ஏறும் படிகள் கண்ணில் பட்டன. ஏறிப் பார்த்தார். ஆள் நடமாட்டம் குறைவு, தலைக்கு மேல் வானம், கீழே ஆறு. 1903-இல் திறந்த பாலம் அது, மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கிறது.

வெயில், பனி எதையும் பார்க்காமல் போனார். சில நாட்களில் பதினைந்து மணி நேரம்கூட வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார். சில சமயம் ஸ்டீவ் லேஸி என்ற இன்னொரு சாக்ஸ் கலைஞரும் கூட வந்து வாசித்தார். அறையில் வாசித்தால் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பி, நம் வாசிப்பை அழகாகக் காட்டும். திறந்தவெளியில் அந்தச் சலுகை கிடையாது. பக்கத்திலேயே ரயில் தடதடக்கும். அதையும் மீறித் தன் ஒலி தனக்கே கேட்க வேண்டுமென்றால், மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். அதே காலத்தில் புகைப்பதையும் விட்டார், உடற்பயிற்சி செய்தார். வீட்டுச் செலவைத் தாங்கியது லூசிலின் சம்பளம். பின்னாளில் அவருக்கு மனைவியாகவும் மேனேஜராகவும் ஆனவர். பாலத்துக் கதையில் லூசில் பெயர் அதிகம் வருவதில்லை. அந்தச் சம்பளம் இல்லைன்னா பாலமும் இல்லை.

1961-இல் ஒரு எழுத்தாளர் தற்செயலாக அவரைப் பாலத்தில் பார்த்து, பெயரை மறைத்து 'மெட்ரோனோம்' பத்திரிகையில் எழுதினார். ஆள் யாரென்று ஜாஸ் உலகத்துக்குத் தெரியாமலா போகும்? இரண்டு வருட ரகசியம் அதோடு முடிந்தது.

திரும்பி வந்தப்போ

1961 நவம்பரில் ஜாஸ் கேலரி கிளப்பில் மறுபடி மேடை ஏறினார். எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும்! ரெண்டு வருஷம் தவம் இருந்தவர் எந்தப் புது இசையைக் கொண்டுவரப் போறாரோன்னு எல்லாரும் காத்திருந்தாங்க.

1962 தொடக்கத்தில் ஆர்சிஏ விக்டர் கம்பெனிக்காக 'தி பிரிட்ஜ்' ரெக்கார்டிங். பியானோவுக்குப் பதிலாக ஜிம் ஹாலின் கிட்டார். ஆறு பாடல்கள், அதில் நான்கு எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகள். அழகான ஆல்பம். ஆனால் பல விமர்சகர்களுக்கு ஏமாற்றம். புரட்சி எங்கே? கோல்மன், கோல்ட்ரேன் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள், இவர் இன்னும் பழைய பாட்டையே வாசிக்கிறாரே?

எனக்கு இந்த இடம்தான் கதையோட மையம்னு தோணுது. 1957-ல வேன்கார்டுல வாசிச்சதையும் 1962-ல 'தி பிரிட்ஜ்'ல வாசிச்சதையும் அடுத்தடுத்து கேளுங்க. பாஷை மாறலை. ஒலி மாறியிருக்கு. கீழ்ச் சுரம் இன்னும் தடிமனா இருக்கு, நீளமான வரிகள்ல மூச்சு வாங்குற இடமே தெரியலை, அவசரம் குறைஞ்சிருக்கு. அவர் பாலத்துக்குப் போனது புது பாணியைக் கண்டுபிடிக்க இல்லை. தான் ஏற்கெனவே பேசிக்கிட்டிருந்த பாஷையை ஒழுங்காப் பேச.

புதுசு மேல பயமும் அவருக்கு இல்லை. அதே 1962 ஜூலையில், ஆர்னெட் கோல்மன் குழுவில் இருந்த டான் செர்ரியையும் பில்லி ஹிக்கின்ஸையும் சேர்த்துக்கொண்டு வில்லேஜ் கேட் கிளப்பில் வாசித்தார். 'அவர் மேன் இன் ஜாஸ்' ஆல்பத்தில் அந்தப் பழைய 'ஓலியோ' 25 நிமிடத்துக்கு மேல் போகிறது, சட்டகமெல்லாம் உடைகிறது. அடுத்த வருடம், எந்த ஹாக்கின்ஸிடம் ஆட்டோகிராஃபுக்காகக் காத்திருந்தாரோ, அவருடனேயே ஒரு ஆல்பம். அதில் ராலின்ஸ் வேண்டுமென்றே விசித்திரமான சத்தங்களை எழுப்புகிறார். குருவின் முன்னால் குருவை மாதிரியே வாசித்தால் என்ன மரியாதை?

இரண்டாவது விலகல், ஒரு பம்பாய்ப் பயணம்

1966-க்குப் பிறகு மறுபடியும் ஸ்டூடியோவிலிருந்து விலகினார். 1967-இல் கோல்ட்ரேன் 40 வயதில் இறந்தார். 1960-களின் பிற்பகுதியில் ராலின்ஸ் இந்தியா வந்து, பம்பாயின் பவாயில் ஓர் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி, யோகாவும் வேதாந்தமும் படித்தார். தியானத்தில் உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை என்று அங்கிருந்த சுவாமியிடம் சொன்னாராம். சாக்ஸ் வாசிக்கிறாயே, அதுவே உன் தியானம்தான் என்று பதில் வந்ததாக ராலின்ஸ் பின்னாளில் சொன்னார். பாலத்துல பதினஞ்சு மணி நேரம் நின்னவருக்கு அது புது செய்தியா இருந்திருக்காது.

1972-இல் 'நெக்ஸ்ட் ஆல்பம்' மூலம் திரும்பினார். 1981-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' பாட்டில் வரும் சாக்ஸ் அவருடையது. ராக் மட்டும் கேட்கிறவங்களும் தெரியாமலேயே ராலின்ஸைக் கேட்டிருப்பீங்க.

ரெக்கார்டில் சிக்காத ஆள்

இவருடைய வாழ்க்கையில் ஒரு முரண் இருக்கு. இத்தனை ஆல்பம் போட்டவருக்குத் தன் ரெக்கார்டைத் திரும்பக் கேட்பது பெரும் வேதனை. தப்புகள் மட்டும்தான் காதில் விழும். 1970-களுக்குப் பிறகு வந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் அவருடைய மேடை வாசிப்பில் பாதியைக்கூடக் காட்டவில்லை என்பது ரசிகர்களின் நீண்டநாள் குறை. அதனால் கச்சேரிகளை அவர்களே ரகசியமாகப் பதிவு செய்தார்கள்.

1986-இல் ஆவணப்படத்துக்காக எடுத்த ஒரு கச்சேரியில், மேடையிலிருந்து கீழே குதித்துக் குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டார். மல்லாந்து படுத்த நிலையிலேயே தொடர்ந்து வாசித்தார்.

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளித்தான் அவர் வீடு, 39-ஆவது மாடியில். கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னபோது சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நாலு நாள் கழித்து பாஸ்டனில் கச்சேரி. ரத்து செய்துவிடலாம் என்று நினைத்தவரை லூசில்தான் போகச் சொன்னார். வயது 71. ஒரு ரசிகர் பதிவு செய்த அந்தக் கச்சேரி 2005-இல் ஆல்பமாக வந்தது. அதிலுள்ள ஒரு வாசிப்புக்கு கிராமி விருதும் கிடைத்தது.

கடைசிப் பொதுக் கச்சேரி 2012-இல், 82 வயதில். நுரையீரல் நோய் காரணமாக 2014-இல் வாசிப்பதையே விட்டார். இது அவரே எடுத்த முடிவு இல்லை. உடம்பு எடுத்த முடிவு.

இப்ப அந்த எண்களைத் திரும்பப் பாருங்க. பிரவுன் 25. பார்க்கர் 34. கோல்ட்ரேன் 40. ராலின்ஸ் 82 வயசு வரைக்கும் மேடையில் நின்னார். நடுவுல நிறுத்தினதால தொழில் போயிடும்னு அவரைச் சுற்றி இருந்தவங்க பயந்திருப்பாங்க. அவர் கணக்கு வேற. லெக்ஸிங்டன்ல உயிரைக் காப்பாத்திக்கிட்டார், பாலத்துல மூச்சைச் சரிபண்ணிக்கிட்டார். அதுக்கு அப்புறமும் ஐம்பது வருஷம் வாசிச்சார். பாலத்தில் வாசித்த அந்த இரண்டு வருடத்திலிருந்து ஒரு ஆல்பம்கூடக் கிடையாது. அது நமக்குக் கேட்கக் கிடைக்காது. அதுக்கு அப்புறம் வந்த எல்லாத்துலயும் அதோட மூச்சு இருக்கு, அவ்வளவுதான்.

புதுசா கேட்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வரிசை சொல்றேன். முதல்ல 'செயின்ட் தாமஸ்', கால் தானா ஆடும். அடுத்து 'ப்ளூ 7', முதல் ஒரு நிமிஷத்துல வர்ற மெட்டை மனசுல பிடிச்சுக்கிட்டு, அது எங்கெல்லாம் திரும்ப வருதுன்னு எண்ணுங்க. அப்புறம் 'தி பிரிட்ஜ்' தலைப்புப் பாட்டு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. ரயிலும் மெட்ரோவும் ஓடுற ஊர்ல இருந்தா, ஜன்னலைத் திறந்து வெச்சும் ஒரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.